டுரியான் மேல் பழி

பினாங்கில் டுரியான் பருவம் வந்துவிட்டால் உதட்டோரக் கொப்புளத்துக்கு வேறு காரணம் தேடுவதில்லை. "பாலிக் புலாவ் பழம் தின்னேன், உடம்பு ஹீட்டி ஆயிருச்சு." பார்லித் தண்ணீர், இளநீர், சீனர் கடை மூலிகைத் தேநீரான லியாங் தே என்று வைத்தியமும் தயார். வெறும் சூட்டுக் கொப்புளம்தானே, ஒட்டாது என்று பேரப்பிள்ளையைத் தூக்கி முத்தமும் கொடுத்தாகிவிடும்.

சூடு என்பதில் கொஞ்சம் உண்மை உண்டு. காய்ச்சல், கடும் வெயில், மனஉளைச்சல் எல்லாம் கொப்புளத்தைக் கிளப்பும். தைப்பூசத்தன்று வெயிலில் நடந்து தண்ணீர்மலை ஏறியவருக்குச் சில நாளில் உதட்டில் கொப்புளம் வந்தால் வியப்பில்லை. ஆனால் வெயில் எழுப்பிவிடுவது ஏற்கெனவே உள்ளே படுத்திருப்பதை: ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸின் முதல் வகை. நுழைந்த பிறகு முகத்து நரம்பு முடிச்சில் குடியேறிவிடும், ஆயுளுக்கும் போகாது. அது உடம்பில் இல்லாதவர் கூடைகூடையாக டுரியான் தின்றாலும் இந்தக் கொப்புளம் வராது.

கன்னத்தின் உட்புறம் வரும் வெள்ளை வாய்ப்புண் ஒட்டாது, உண்மை. அதை வைத்து உதட்டுக்கும் தீர்ப்பெழுதுகிறார்கள். உதட்டு விளிம்பில் சுருக்கென்று தொடங்கி, கொத்தாக நீர்கோத்து, பொருக்குத் தட்டுவது ஒட்டும்.

"புண்தான் ஆறிருச்சே?" அபாயம் வெகுவாகக் குறையும், அற்றுப்போகாது. கொப்புளமே இல்லாத நாளிலும் சில வேளை எச்சிலில் வைரஸ் வரும்.

எனக்கு எரிச்சலூட்டுவது, இது ஒட்டுவது என்றதும் கிளம்பும் "கெட்ட சகவாசம்" என்ற பேச்சு. 2020 கணக்குப்படி ஐம்பது வயதுக்குட்பட்டோரில் 64 விழுக்காட்டினருக்கு, ஏறத்தாழ 380 கோடிப் பேருக்கு, இந்த வைரஸ் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. பெரும்பாலும் சிறுவயதில் தொற்றுவது. கொடுத்தவர் பாட்டியாகவோ அத்தையாகவோ இருக்கலாம். கல்யாணத்துக்குப் பின் முதல் கொப்புளம் வந்ததென்று கணவனோ மனைவியோ ஒருவரையொருவர் சந்தேகிக்க இதில் ஆதாரமில்லை.

"பச்சைப் பிள்ளைக்கு முத்தத்தால் என்ன ஆகிவிடும்?" இங்கேதான் விளையாட்டில்லை. பிறந்த முதல் சில வாரங்களில் இந்த வைரஸ் கல்லீரலையும் மூளையையும் தாக்கலாம், உயிரே போகலாம். கொப்புளம் உள்ளவர் தாத்தாவானாலும் முத்தம் வேண்டாம். பிள்ளை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ காய்ச்சல் கண்டாலோ லியாங் தே கடையைத் தாண்டி நேரே மருத்துவமனைக்கு. அசைக்ளோவிர் ஊசி எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. தாய்க்கே உதட்டில் கொப்புளம் என்றால் முகக்கவரி அணிந்து, கை கழுவிப் பால் கொடுக்கலாம். மார்பில் கொப்புளம் இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் கூடாது.