இணைய ஏலத்தில் நகல் நாணயங்கள்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

‘நகல்’ என்ற குறி உலோகத்திலேயே பொறிக்கப்படாத நாணய நகல் எதையும் எங்கள் சங்க உறுப்பினர் எவரும் இணைய ஏலத்தில் விற்கக் கூடாது. விவரக் குறிப்பில் ‘இது அசல் இல்லை, நகல்’ என்று நேர்மையாக எழுதியிருந்தாலும் விற்கக் கூடாது. முதல் வாக்கியத்தை உறுப்பினர்கள் யாரும் மறுக்கவில்லை. நெடுநேரம் விவாதித்தது இரண்டாவதைத்தான். உண்மையைச் சொல்லி விற்பவரை எப்படிக் குறை சொல்ல முடியும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை எங்களுக்கு இருக்கிறது.

ஏலப் பக்கத்தில் எழுதிய உண்மை அந்தப் பக்கத்தோடு நின்றுவிடுகிறது. ஏலம் முடிந்து கொஞ்ச நாளில் பக்கமே காணாமல் போகும். காசோ தலைமுறைகளுக்குக் கைமாறிக்கொண்டே இருக்கும். நகல் என்று தெரிந்தே இருநூறு ரூபாய்க்கு வாங்கியவர் அதை மண்ணில் புதைத்தும் புகை காட்டியும் பழமையேற்றி, மங்கலான வெளிச்சத்தில் படமெடுத்து, ‘தாத்தா பெட்டியில் இருந்தது, அசலா என்று தெரியாது, விற்றதைத் திரும்ப எடுப்பதில்லை’ என்ற வரியோடு மறுபடி ஏலத்தில் விடுவது நம் கண்முன் நடக்கிறது. கெட்ட எண்ணமே இல்லாமலும் இது நடக்கும். சேகரித்தவர் காலமான பிறகு பிள்ளைகள் ஆல்பத்தைப் பிரித்து விற்கிறார்கள். அதில் எது நகல் என்று சொல்ல அவர் இல்லை. முதலில் விற்றவருடைய நேர்மை மூன்றாவதாக வாங்குபவரைக் காப்பாற்றுவதில்லை. காசோடு கூடவே பயணம் செய்யக்கூடிய உண்மை, காசின்மேல் பொறித்த உண்மை மட்டும்தான்.

இன்றைய இணைய ஏலங்களில் புழங்கும் போலிகள் பலவகை. ஆறாம் ஜார்ஜ் உருவம் பொறித்த 1939ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் கிடைப்பது அரிது. அதனால் 1938 ரூபாயின் கடைசி எண்ணைச் செதுக்கி மாற்றுவது முதல், முழுக் காசையும் புதிதாக வார்ப்பது வரை எல்லாம் நடக்கிறது. அசல் ரூபாயின் எடை 11.66 கிராம், வெள்ளி ஆயிரத்தில் 917 பங்கு. தண்ணீரில் நிறுத்து ஒப்படர்த்தி பார்த்தால் 10.3 அளவில் வரவேண்டும். வார்ப்புப் போலிகளில் விளிம்பைச் சுற்றி இணைப்புக் கோடு தெரியும், பரப்பில் ஊசிமுனைக் குழிகள் இருக்கும், எழுத்துகள் சோப்பில் செய்தவைபோல மழுங்கியிருக்கும். ஆனால் இவற்றையெல்லாம் கையில் வைத்துத்தான் பார்க்க முடியும். இணைய ஏலத்தில் நமக்குக் கிடைப்பது ஒரு படம். எடையும் தெரியாது, விளிம்பும் தெரியாது. செதுக்கிய எண்ணை யாராவது கையில் எடுத்துப் பார்த்துவிடுவார் என்ற அச்சம் விற்பவருக்கு இல்லாமல் போய்விட்டது.

இன்னொரு வகை, ஒருபோதும் இல்லாத நாணயத்தின் ‘நகல்’. கிழக்கிந்தியக் கம்பெனி பெயரோடு 1818 என்று ஆண்டு போட்டு, அனுமன் அல்லது இராமர் பட்டாபிஷேகக் காட்சி பொறித்த செப்புத் துண்டுகளைப் பார்த்திருப்பீர்கள். கம்பெனி அப்படியொரு காசை வெளியிட்டதே இல்லை. தமிழ்நாட்டில் ‘ரைஸ் புல்லிங்’ மோசடிக்காரர்கள் அரிசியை இழுக்கும் அபூர்வ உலோகம் என்று காட்டி ஏமாற்றுவது இத்தகைய செப்புப் பொருள்களைக் கொண்டுதான். அதில் சேமிப்பையெல்லாம் இழந்த குடும்பங்கள் உண்டு. நூறு ரூபாய் அலங்காரப் பொருள்தானே என்று இவற்றை ஏலத்தில் விடுபவர்கள், அது அடுத்து யார் கைக்குப் போகிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பழைய நாணயங்களை இணையத்தில் வாங்க, விற்கத் தன் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்தி மோசடி நடப்பதாக 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே பொதுமக்களை எச்சரித்தது.

பண இழப்பைவிட எங்களை அதிகம் வருத்துவது வேறொன்று. சங்ககால மன்னர்கள் சொந்தமாகக் காசு வெளியிட்டார்களா என்ற ஐயம் அறிஞர்களிடம் நீண்ட காலம் இருந்தது. தமிழ் பிராமியில் ‘பெருவழுதி’ என்று பாண்டிய மன்னன் பெயர் பொறித்த சிறிய செப்புக்காசை நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1980களில் அடையாளம் கண்டு வெளியிட்டபோது அந்த ஐயம் தளர்ந்தது. கரூர் அமராவதி ஆற்றுப்படுகையிலிருந்து வந்த ‘மாக்கோதை’, ‘கொல்லிப்புறை’ காசுகள் சேரர் வரலாற்றுக்குச் சான்றாக நின்றன. இவற்றில் பல, அகழாய்வுக் குழியில் மண்ணடுக்கோடு கிடைத்தவை அல்ல. ஆற்று மணலைச் சலித்தவர்களிடமிருந்தும் பழைய உலோக வியாபாரிகளிடமிருந்தும் சேகரிப்பாளர் கைக்கு வந்தவை. அதனால் அந்தக் காசின் உலோகமும் எடையும் சின்னமும் எழுத்து வடிவமுமே அதற்குச் சாட்சி. வேறு சாட்சி கிடையாது. நாளை ஒருவர் தமிழ் பிராமியில் ஒரு மன்னன் பெயரைப் பொறித்து, சதுரச் செப்புத் துண்டில் மீனோ வில்லோ வைத்து, பச்சைக் களிம்பேற்றி ஏலத்தில் விட்டால், அது ஏதோவொரு கட்டுரையின் படத்தட்டில் ஏறிவிடும். பிறகு அதை இறக்குவது எளிதல்ல. அசலான புதுக் காசு ஒன்று உண்மையிலேயே கிடைக்கும்போது, அதையும் போலி என்று ஒதுக்கிவிடுவார்கள். சங்ககாலக் காசுகளைப் பொறுத்தவரை, குறியிட்ட நகலைக்கூட விற்பதில் மிகுந்த கவனம் வேண்டும் என்று உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

எங்கள் விதி எல்லாப் போலிகளையும் குப்பையில் போடச் சொல்லவில்லை. ரோமப் பொற்காசுகளைப் பார்த்து அக்காலத்திலேயே தென்னிந்தியாவில் செய்யப்பட்ட போன்மைக் காசுகள் இருக்கின்றன. வணிகமும் நம்பிக்கையும் எப்படி நடந்தன என்பதற்கு அவையே சான்று. அவற்றை அவற்றின் பெயரால் விற்கலாம், வாங்கலாம். பழைய அச்சுகளைக் கொண்டு பம்பாய் நாணயச்சாலை சேகரிப்பாளர்களுக்காகப் பின்னாளில் அடித்துக் கொடுத்த நாணயங்களும் உண்டு. அவற்றை ‘மறுஅச்சு’ என்று குறிப்பிட்டே விற்க வேண்டும்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டப்படி நூறாண்டு கடந்த நாணயம் தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. தொழிலாக விற்க உரிமம் வேண்டும். ‘நகல்’ என்ற பெயரில் அசல் நாணயத்தையே தபாலில் வெளிநாட்டுக்கு அனுப்பிவிடவும் இன்றைய நிலையில் வழியிருக்கிறது. உலோகத்தில் குறி கட்டாயமானால் அந்தக் கதவும் மூடும், ஏனென்றால் அசல் காசின்மேல் நகல் என்று பொறிக்க யாரும் துணிய மாட்டார்கள். அமெரிக்காவில் 1973 முதலே போலி நாணயங்களின்மேல் ‘காப்பி’ என்ற சொல்லைப் பொறித்தாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. 2014இல் அதைத் திருத்தி, மீறலுக்குத் தெரிந்தே பெரிதும் துணைபோகிறவர்களையும் பொறுப்பாக்கினார்கள். நம் நாட்டிலும் அப்படியொரு சட்டம் வேண்டும் என்று மத்திய அரசை வேண்டுகிறோம். அதுவரை ஏல நிறுவனங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. எடை, விட்டம், விளிம்பின் படம் ஆகிய மூன்றும் இல்லாத நாணயப் பதிவை அவை நாளையே மறுக்கலாம்.

விலை கொடுத்து அசலை வாங்க முடியாத மாணவர்கள் என்ன செய்வார்கள் என்றும் சிலர் கேட்டனர். முதலாம் இராசராசன் பெயர் பொறித்த செப்புக்காசுகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் இன்றும் குறைந்த விலையில் அசலையே வாங்கலாம். ஆயிரம் ஆண்டு கடந்த காசு ஒன்று ஒரு பிள்ளையின் உள்ளங்கையில் இருப்பதைவிடச் சிறந்த வரலாற்றுப் பாடம் எங்களுக்குத் தெரியவில்லை. அரிய காசுகளின் வடிவத்தைக் காட்டப் பள்ளிகளுக்குக் குறியிட்ட நகல்கள் போதும்.

உறுப்பினர்களிடம் உள்ள நகல்களில் குறி பொறிக்கச் சங்கம் ஒரு முத்திரைக் கருவி வாங்கியிருக்கிறது. மாதக் கூட்டத்துக்குக் காசைக் கொண்டுவந்தால், மூத்த உறுப்பினர் இருவர் எடையும் விளிம்பும் பார்த்து, நகல் என்று ஒருமனதாகச் சொன்ன பிறகே குறி பொறிக்கப்படும். ஐயம் இருந்தால் பொறிக்க மாட்டோம், அந்தக் காசை விற்கவும் கூடாது. ஏமாந்து வாங்கிய போலியை, போட்ட பணத்தை எடுப்பதற்காக இன்னொருவர் தலையில் கட்ட வேண்டாம். சங்கத்தின் ஒப்பீட்டுத் தொகுப்புக்குக் கொடுங்கள். புதிதாகச் சேருவோர் போலியைத் தொட்டுப் பார்த்துக் கற்க அது உதவும். குறியில்லாத நகல்களை ஏற்கெனவே ஏலத்தில் போட்டிருக்கும் உறுப்பினர்கள் அடுத்த பொதுக்குழுக் கூட்டத்துக்குள் அவற்றை விலக்கிக்கொள்ள வேண்டும். அதன் பிறகும் விற்பவர்களின் உறுப்புரிமை நிறுத்தி வைக்கப்படும்.