பரணில் ஒரு மான்கொம்பு

போன வாரம் காலை நடை முடிந்து வந்து திண்ணையில் உட்கார்ந்த நேரத்தில் பழைய நண்பர் ஒருவர் போன் செய்தார். வட்டாட்சியர் அலுவலகத்தில் இருபது வருடம் எனக்கு எதிர் மேசைக்காரர். பூர்வீக வீட்டை இடித்துக் கட்டப் போகிறார்களாம். பரணைச் சுத்தம் செய்தபோது, பித்தளை அண்டாவுக்குப் பின்னால், பழைய வேட்டியில் சுற்றிய மான்கொம்பு ஒன்று கிடைத்திருக்கிறது.

"இதை என்னங்க பண்றது? குப்பையில போட்டா யாராவது பார்ப்பாங்க. எரிச்சா தெருவே நாறும். வச்சிருந்தா கேசு" என்றார்.

"அடிப்பக்கம் எப்படி இருக்குதுங்க? அறுத்த மாதிரியா, மண்டையெலும்பு ஒட்டியிருக்குதா?"

"அதெல்லாம் இல்லீங்க. உருண்டையா, சொரசொரன்னு, சுத்தியும் முத்து கோத்த வளையம் மாதிரி இருக்குது."

அப்படியானால் அது தானாக உதிர்ந்த கொம்பு. யாரும் அந்த மானைக் கொன்று எடுத்ததில்லை. அதைச் சொன்னதும் நண்பருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் என்ன செய்வது என்ற கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை. அன்று முழுவதும் இதே நினைப்பாக இருந்ததால்தான் இதை எழுதுகிறேன். உங்களில் சிலர் வீட்டுப் பரணிலும் இப்படி ஒன்று கிடக்கலாம்.

என் சிறு வயதில் மான்கொம்பு ஒளித்து வைக்கிற பொருளாக இல்லை. காரவள்ளிப் பக்கம் என் அம்மாவைப் பெற்ற அப்புச்சிக்குத் தோட்டம் இருந்தது. பனிக்காலம் முடிந்து மாசி, பங்குனியில் புல் காய்ந்து, இலை கொட்டி, மலைச்சரிவு வெறிச்சென்று தெரியும். அப்போது ஆடு மேய்க்கப் போகிறவர்கள் கண்ணில் கொம்பு படும். கொல்லிமலையிலிருந்து இறங்குகிறவர்கள் தேன், கடுக்காயோடு ஒன்றிரண்டு கொம்பும் கொண்டுவந்து, உப்பும் கருவாடும் வாங்கிப் போவார்கள். பெரியது கடமான் கொம்பு. மெலிந்து நீண்டு வளைந்திருந்தால் புள்ளிமான்.

நல்ல கொம்பு கத்திக்கும் அருவாளுக்கும் பிடியாகும். கையில் வழுக்காது. ஒரு துண்டு அம்மாயியின் அஞ்சறைப் பெட்டியில் எப்போதும் இருக்கும். தலைவலி என்றால் சந்தனக் கல்லில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு அதை உரைத்து நெற்றியில் பற்றுப் போடுவாள். வலி போனது கொம்பாலா, அம்மாயியின் விரலாலா என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது. சித்த வைத்தியத்தில் மான்கொம்பைப் புடம் போட்டுச் செய்கிற சிருங்கி பற்பம் என்ற மருந்தும் உண்டு.

இந்த நினைவுகளில் எனக்குப் பிரியம்தான். ஆனாலும் காட்டில் கிடக்கிற கொம்பை யாரும் எடுக்கக் கூடாது என்பதே இப்போது என் கட்சி. "மான் வேண்டாமென்று போட்டுவிட்டுப் போனதை எடுத்தால் என்ன பாவம்?" என்று நம் வயதுக்காரர்கள் கேட்பார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் கேட்டேன்.

மான்கொம்பு முழுக்க எலும்பு. ஆண் மானுக்கு மட்டும்தான் அது முளைக்கும். (பனிப்பிரதேசத்துக் கலைமானில் மட்டும் பெண்ணுக்கும் உண்டு.) வளரும்போது மேலே ரத்தம் ஓடுகிற மெத்தென்ற தோல் போர்த்தியிருக்கும். முற்றியதும் மரத்தில் தேய்த்து அந்தத் தோலை உரித்துவிடும். இணைசேரும் காலம் முடிந்து உடம்பில் ஆண் சுரப்பு குறைந்ததும், கொம்பு அடியோடு கழன்று விழும். நம் பக்கத்துக் கடமான் பெரும்பாலும் கோடையில் உதிர்க்கும். புள்ளிமானுக்கு அப்படி ஒரே மாதக் கணக்கு கிடையாது.

மாட்டுக் கொம்பும் வெளிமான் கொம்பும் வேறு சாதி. அவை உதிர்வதில்லை. எங்கள் ஊர்ச் சிலம்ப வாத்தியார் மடுவு என்று ஓர் ஆயுதம் வைத்திருந்தார். திருகு திருகான இரண்டு வெளிமான் கொம்புகளை எதிரெதிராகக் கோத்தது. ஒரு மடுவுக்கு ஒரு மான் செத்திருக்க வேண்டும் என்பது எனக்கு உறைக்கவே ஐம்பது வயதாயிற்று. இப்போது இரும்பில் செய்கிறார்கள். ஆட்டம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

விழுந்த கொம்பு காட்டில் வீணாகக் கிடப்பதில்லை. முள்ளம்பன்றி அதைத் தேடிவந்து கொறிக்கும். மான்களேகூட மென்று தின்னும். சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் அவற்றுக்குத் தீவனத்தில் போதாதபோது கொம்பிலிருந்துதான் கிடைக்கிறது. நாம் மாட்டுத்தொட்டியில் தாது உப்புக் கலக்குகிறோமே, அதே சங்கதி.

இதைவிடப் பெரிய கேடு தீ. தரையில் காய்ந்த புல்லும் சருகும் மூடியிருந்தால் கொம்பு கண்ணில் படாது. ஒரு தீக்குச்சியைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுநாள் போனால் சுலபமாகப் பொறுக்கலாம். முதுமலை, பந்திப்பூர் பக்கம் கோடையில் காடு எரிவதற்கான காரணங்களில் கொம்பு பொறுக்குவதையும் ஒன்றாக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒரு கத்திப் பிடிக்காக ஒரு மலைச்சரிவு எரிவதென்றால் எந்தக் கணக்கிலும் அது நட்டம்தான்.

வியாபாரம் நுழைந்தால் இன்னொரு சிக்கல். முழுக் கொம்பாக இருக்கும்வரை அடியைப் பார்த்து, உதிர்ந்ததா வெட்டியதா என்று நானே போனில் சொல்லிவிட்டேன். அறுத்துப் பிடியாக்கி, பொத்தானாக்கி, பொடியாக்கிவிட்டால் யார் கண்டுபிடிப்பது? 1990களின் இறுதி வரை உதிர்ந்த கொம்பும் அதில் செய்த பொருளும் இங்கிருந்து வெளிநாட்டுக்குக் கப்பலேறின. அதை நிறுத்தியது சரிதான். மயில்தோகை விஷயத்தில் இன்றும் சட்டம் உள்நாட்டில் விலக்குக் கொடுத்திருக்கிறது. பழனிக் காவடிக்குத் தோகை வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சந்தைக்கு வருகிற தோகையெல்லாம் மயில் தானாக உதிர்த்ததுதானா என்ற சந்தேகம் அந்த விலக்கோடு கூடவே வருகிறது.

அமெரிக்காவில் மகன் வீட்டில் இருந்தபோது இன்னொரு வழியைக் கேள்விப்பட்டேன். வயோமிங் மாநிலத்தில் ஜாக்சன் என்ற ஊர்ச் சதுக்கத்தின் நான்கு மூலையிலும் எல்க் மான்கொம்புகளாலேயே கட்டிய வளைவுகள் நிற்கின்றன. பக்கத்துச் சரணாலயத்தில் பனிக்காலத்தில் ஆயிரக்கணக்கில் எல்க் கூடும். அங்கே உதிர்கிற கொம்பைச் சாரணச் சிறுவர்கள் பொறுக்கி மே மாதம் ஏலம் விடுகிறார்கள். பணத்தில் பெரும்பகுதி சரணாலயத்துக்கே திரும்புகிறது. அந்த மாநிலத்தின் மேற்குப் பகுதிப் பொதுநிலங்களில் ஜனவரி 1 முதல் ஏப்ரல் 30 வரை யாரும் கொம்பு பொறுக்கக் கூடாது. பனியில் இளைத்துப் போன மான்களை விரட்டி ஓட வைத்தால் செத்துப்போகும் என்பதுதான் காரணம்.

நல்ல ஏற்பாடு. ஆனால் அவ்வளவு மான் இருக்கிற ஊருக்குத்தான் அது பொருந்தும். நம் பிள்ளைகள் குரும்பப்பட்டிப் பூங்காவில் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் புள்ளிமானைப் பார்க்கிறார்கள். கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கினாலும் ஒரு கடமானைப் பார்த்ததாக அண்மையில் யாரும் என்னிடம் சொன்னதில்லை.

ஆக, புதிதாக எடுக்க வேண்டாம். சரி, பழையது?

இங்கேதான் எனக்கு மனத்தாங்கல். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முன்பே பல வீடுகளில் கொம்பு வந்து சேர்ந்துவிட்டது. 2003இல் மத்திய அரசு ஓர் அவகாசம் கொடுத்தது. கணக்கில் வராத தந்தம், புலித்தோல் போன்றவற்றை 180 நாளுக்குள் அறிவித்துவிடலாம் என்றார்கள். முதல் பட்டியலிலும் இரண்டாம் பட்டியலின் ஒரு பகுதியிலும் இருந்த விலங்குகளுக்குத்தான் அது. கடமானும் புள்ளிமானும் அன்று மூன்றாம் பட்டியலில் இருந்தன. தந்தம் வைத்திருந்த பங்களாக்காரருக்கு ஒரு கதவு திறந்தது. அஞ்சறைப் பெட்டியில் கொம்புத்துண்டு வைத்திருந்த அம்மாயிக்குத் திறக்கவில்லை.

2022 திருத்தத்தில் ஆறு பட்டியல் நான்காகச் சுருங்கியது. வேண்டாத பொருளை விரும்பி ஒப்படைக்கவும் ஒரு பிரிவு சேர்த்தார்கள். படித்ததும் சந்தோஷப்பட்டேன். பிறகு பார்த்தால், உரிமைச் சான்றிதழ் இருப்பவர்தான் ஒப்படைக்கலாம். சான்றிதழ் வைத்திருப்பவர் எதற்குப் பயப்படப் போகிறார்? அரசு உத்தரவுகளைக் கோப்பில் கட்டி வைப்பதையே முப்பத்திரண்டு வருடம் தொழிலாகச் செய்தவன் நான். எனக்கே இது சுற்றி வளைத்துத்தான் புரிந்தது என்றால் மற்றவர்கள் நிலை என்ன?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வருடத்தில் ஒரு மாதம் குறித்து, பழைய கொம்பு வைத்திருப்பவர்கள் வனச்சரக அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுக்கலாம், பெயர் மட்டும் எழுதிக்கொள்வோம், வழக்கு இல்லை, காசும் இல்லை என்று மாவட்டந்தோறும் அறிவிக்கட்டும். தண்டோராவுக்குப் பதில் உள்ளூர் கேபிள் டிவியில் ஓட விடட்டும். வேட்டைக்காரன் இதைப் பயன்படுத்திக்கொள்வான் என்பார்கள். ஒரு ரூபாய் கிடைக்காத இடத்துக்கு அவன் எதற்கு வருகிறான்? வந்து கொடுத்தாலும் அந்தக் கொம்பு சந்தைக்குப் போகாது, அவ்வளவுதானே. வருகிற கொம்பில் நல்லதைப் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுத்து, உதிர்ந்ததற்கும் வெட்டியதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். மற்றதை எரித்துவிடட்டும்.

இப்படி ஒரு வழி இல்லாததால் என்ன நடக்கிறது? கொம்பு ராத்திரியில் கிணற்றில் விழுகிறது. அல்லது பழைய சாமான் வாங்க வருகிறவன் சாக்கில் போய், எங்கே போகக் கூடாதோ அந்தச் சந்தைக்கே போய்ச் சேர்கிறது.

நேற்றுச் சாயங்காலம் நண்பர் மறுபடியும் கூப்பிட்டார். சித்திரை பிறந்ததும் வீட்டை இடிக்க ஆள் வருகிறார்கள். அதற்குள் ஒரு வக்கீலைப் பார்த்துக் கேட்டுவிட்டு, நேராக வனத்துறைக்கே எழுத்தில் கொடுத்துவிடலாம் என்று சொன்னேன். மனுவை நான் எழுதித் தருவதாகவும் சொன்னேன், அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வேலை. "நீங்களும் கூட வருவீங்களா?" என்று கேட்டார். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.