அசிடேட்டுத் தட்டுகளும் அவற்றைச் சேகரிப்போர் கடமையும்

பழம்பொருள்களைத் தேடித் தொகுப்போர் எந்நாட்டிலும் உளர். நாணயங்களையும் தபால் முத்திரைகளையும் தொகுப்பாரைப் போலவே, 1950-ஆம் ஆண்டிற்குப் பின் மேனாட்டில் எழுந்து பரவிய ராக் இசையின் அசிடேட்டுத் தட்டுகளைத் தேடி அலைவாரும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பலர். இவர்தம் முயற்சியை வீண் பொழுதுபோக்கென்று இகழ்வார் உண்டு. அவ்விகழ்ச்சி தகாது என்பதும், ஆயினும் இச்சேகரிப்பு ஏனையவற்றினும் கடிய கடமை ஒன்றை உடன்கொண்டது என்பதும் எமது கருத்து.

அசிடேட்டுத் தட்டு யாது? கடைகளில் விற்கும் இசைத்தட்டு, உலோக அச்சுக்கொண்டு ஆயிரக்கணக்கில் அழுத்தி எடுக்கப்படுவது. அசிடேட்டோ, அலுமினியத் தகட்டின்மேல் பூசிய அரக்கு போன்ற பூச்சில், ஊசியால் வரி வெட்டி ஒவ்வொன்றாக ஆக்கப்படுவது. பெயர் அசிடேட்டு எனினும் பூச்சு நைட்ரோசெல்லுலோஸே. பாடல் வெளிவருமுன் பாடகரும் கம்பெனியாரும் கேட்டுப் பார்த்தற்பொருட்டு வெட்டப்பெற்ற இது, நூலச்சில் புரூப் தாளை ஒக்கும். வேலை முடிந்தபின் எறியப்படுவதே இதன் இயல்பு. ஆதலின் எஞ்சியன சில. சிலபோது உலகில் ஒன்றே.

1958-இல் லிவர்ப்பூல் நகரத்தில், பெர்ஸி பிலிப்ஸ் என்பாரது சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில், 'குவாரிமென்' என்னும் இளைஞர் குழுவினர் இரண்டு பாடல்களை ஒரே தட்டில் பதிந்தனர். அவருள் மூவரே பின்னர் உலகறிந்த 'பீட்டில்ஸ்' குழுவில் விளங்கிய லென்னன், மக்கார்ட்னி, ஹாரிசன் ஆவர். அத்தட்டு குழுவினருள் ஒருவரிடம் நெடுங்காலம் கிடந்து, 1981-இல் மக்கார்ட்னியின் கைக்கு வந்தது. அவர் நண்பர்க்கெனச் சில பிரதிகள் செய்வித்தார். 1995-இல் உலகத்தார் அப்பாடல்களைக் கேட்டனர். அத்தட்டு ஒன்று உடைந்திருப்பின் அம்மூவரின் முதற் குரலே மறைந்திருக்கும்.

நியூயார்க் நகரத்தில் 1966-இல் 'வெல்வெட் அண்டர்கிரவுண்ட்' குழுவினர் பாடிய தட்டொன்று, 2002-இல் தெருவோரப் பழஞ்சந்தையில் 75 சென்டுக்கு விலைபோயிற்று. அதன்கண் இருந்தவையோ, 1967-இல் வெளிவந்த தொகுதியினின்றும் வேறுபட்ட பாடபேதங்கள்! 2006-இல் அது 25,200 டாலருக்கு விற்கப்பட்டது. 2012-இல் அதன் ஒலி முறைப்படி வெளியிடப்பெற்றது. பழஞ்சந்தையில் குனிந்து தேடிய ஒருவர் கண்ணன்றோ அதனைக் காத்தது? ஆதலாற்றான் சேகரிப்போரை இகழ்தல் நன்றிகோறல் என்கின்றோம்.

இனிக் கடமையைக் கூறுவாம். நாணயத்தைப் பெட்டியிலிட்டுப் பூட்டினால் அது நூறாண்டும் நாணயமாகவே இருக்கும். அசிடேட்டு அத்தகையதன்று. பூச்சு மென்மையுடையது, ஊசி ஓடுந்தோறும் வரி தேயும். இசைக்காது வைத்தாலோ, பூச்சை இளக்கமாக வைத்தற்குச் சேர்த்த ஆமணக்கெண்ணெய் நாளடைவிற் சிதைந்து வெண்மையான கொழுப்பாகக் கசியும், பூச்சு சுருங்கும், சுருங்காத அலுமினியத்தினின்றும் வெடித்து உரியும். கேட்டாலும் தேய்வு, கேளாவிடினும் சிதைவு. எனவே, பெருவிலை கொடுத்து வாங்கிப் பூதம் காத்த புதையல்போல் இருப்புப்பெட்டியில் வைப்பவர், காப்பவர்போல் தோன்றினும் உண்மையில் இழப்பவரே. ஈற்றில் அவர் கையில் எஞ்சுவது வெறுந்தகடு.

பிரதிகள் பெருகின் தட்டின் அருமை குன்றுமே என்பர் சிலர். நூல் அச்சேறியதனால் ஆசிரியர் கைப்பட எழுதிய மூலப்படியின் மதிப்புக் குறைந்ததுண்டோ? எல்விஸ் பிரெஸ்லி 1953-இல் மெம்பிஸ் நகரத்தில் ஏறக்குறைய 4 டாலர் கொடுத்துப் பதிந்த முதல் தட்டை, 2015-இல் ஜாக் வொயிட் என்னும் இசைவாணர் 3,00,000 டாலருக்கு ஏலத்தில் எடுத்தார். அவ்வாண்டிலேயே அதன் பிரதிகளை வெளியிடவும் செய்தார். மூலத்தட்டு அவரிடமே இருந்தது. நாதம் அனைவர்க்கும் ஆயிற்று. இதுவே சேகரிப்போர்க்குச் சிறந்த முன்மாதிரி.

தட்டை வாங்கியவர் பாடலின் உரிமையை வாங்கியவரல்லர் என்பதும் உண்மையே. ஆகவே உரியவர் இசைவின்றி அதனை வெளியிடல் கூடாது. ஆனால் கைவல்லாரைக்கொண்டு உடனே ஒரு நற்பிரதி எடுத்தலும், தட்டின் வரலாற்றை எழுதி வைத்தலும், உரியவரோடு கலந்து ஒலிக்காப்பகம் ஒன்றில் பிரதியைச் சேர்ப்பித்தலும் அவரால் இயலுவனவே. உடைந்த தட்டையும் கைவிட வேண்டுவதில்லை. அமெரிக்காவிலுள்ள லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தார் வகுத்த 'ஐரீன்' என்னும் முறை, ஊசி தீண்டாமலே வரிகளைப் படமெடுத்து, அப்படத்தினின்றும் ஒலியை மீட்கின்றது.

மாணவ அன்பர்களே! அரிய பொருளைத் தேடிக் கண்டெடுத்தல் பாராட்டத்தக்கது. கண்டெடுத்ததை அழியாமற் பிறர்க்கும் உரித்தாக்குதல் அதனினும் பெரிது. தட்டுக்கு உடையவர் ஒருவர் இருக்கலாம். நாதத்திற்கு அவர் காவலரே என்பது எமது துணிபு.