கோர்படிக் கடிதம்: ஏழு முறை மின்னிய பச்சை விளக்கு



இம்மாதக் கடிதம் சற்றுத் தாமதமாகவே வருகிறது. நம் வாசகசாலையிலுள்ள சின்னஞ்சிறு கம்ப்யூட்டர் படுத்துவிட்டது; அதை எழுப்பும் பொறுப்பு நம் தலையில் விழுந்தது. நாமோ ரயில்வே குமாஸ்தா. படிப்பு மெட்ரிகுலேஷனோடு நின்றது. ஆயினும் ஆபீஸில் நம் மேஜைமீது ஒரு கம்ப்யூட்டர் இருப்பதால் அதன் வைத்தியமும் நமக்குத் தெரியும் என்பது சங்கத்தாரின் நம்பிக்கை. அதை மறுக்கத் துணிவில்லாமல் ஒப்புக்கொண்டோம்.

ஞாயிறுதோறும் குழந்தைகள் தமிழ் வகுப்பு நடத்தும் அந்த யந்திரத்தைப் பலர் பெட்டி என்றே அழைக்கின்றனர். உண்மையில் அது உள்ளங்கையில் அடங்கும் ஒற்றைப் பலகை. பெயர் ராஸ்பெர்ரி பை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஈபன் அப்டன் முதலியோர், பள்ளிப் பிள்ளைகள் குறைந்த செலவில் கம்ப்யூட்டர் பழக வேண்டும் என்று கருதி இதை உருவாக்கினர். 2012 பிப்ரவரி 29 அன்று முதன்முதலாக விற்பனைக்கு வந்தபோது இதன் விலை 35 டாலர். நம்மிடம் இருப்பது 2016-ல் வெளிவந்த மூன்றாம் வகை. பெரிய கம்ப்யூட்டரில் உள்ளது போன்ற வட்டு இதற்குள் இல்லை. இயக்கும் ஏற்பாடு, நாம் சேர்த்து வைக்கும் பாடங்கள், படங்கள், ஒலிகள் யாவும் விரல் நகமளவேயான ஒரு மெமரி கார்டில் அடக்கம். அந்தக் கார்டுதான் அதன் உயிர்நிலை.

சென்ற மாதம் ஒரு மாலை மின்சாரம் மூன்று நான்கு முறை போய்ப் போய் வந்தது. பிறகு திரையில் ஒன்றும் தோன்றவில்லை. பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தது. பச்சை விளக்கோ மின்னுவதும் ஓய்வதுமாக இருந்தது. எண்ணிப் பார்த்தோம், ஏழு முறை மின்னல், சற்று ஓய்வு, மீண்டும் ஏழு முறை. ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் மணியடித்துச் சேதி சொல்லும் இலாகாவில் வேலை பார்ப்பவர் எவரும் இதைத் தற்செயல் என்று விட்டுவிட மாட்டார். விசாரித்ததில் இதற்கும் ஒரு சங்கேதப் பட்டியல் இருப்பது தெரிந்தது. நான்கு மின்னல் என்றால் தொடக்கக் கோப்பு கிடைக்கவில்லை; ஏழு என்றால் ‘கெர்னல்’ எனப்படும் மூலக் கோப்பு கிடைக்கவில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுந்தால் கார்டில் இத்தகைய சேதம் நேர்வதுண்டாம்.

‘கார்டில் இருப்பதை அழித்துவிட்டு, ஏற்பாடு முழுவதையும் புதிதாக ஏற்றுங்கள், அரை மணி வேலை’ என்றார் ஒரு நண்பர். வேலை அரை மணிதான். ஆனால் அழிப்பது எதை?

சென்ற தை மாதம் நம் பிள்ளைகள் கோர்படியிலுள்ள மூத்த பெண்மணிகளிடம் சென்று தாலாட்டுகளையும் கதைகளையும் பதிவு செய்து வந்தது நேயர்களுக்கு நினைவிருக்கலாம். மொத்தம் பத்தொன்பது பதிவுகள். அவற்றுள் மூன்று, வட ஆற்காட்டிலிருந்து மணமாகி இவ்வூருக்கு வந்து இங்கேயே மூப்பெய்திய ஒரு பாட்டியின் குரல். அவர் சித்திரையில் காலமானார். பதிவு செய்த சிறுமியின் டெலிபோனில் இடமில்லையென்று முன்பே எல்லாவற்றையும் துடைத்துவிட்டனர். வேறெங்கும் நகல் இல்லை. நகல் எடுக்க வேண்டும் என்று நாம் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம், சொன்னதோடு சரி.

கார்டைக் கழற்றி வீட்டுக் கம்ப்யூட்டரில் செருகினோம். அது விண்டோஸ் வகை. உடனே ஒரு கேள்வி எழுந்தது: இந்த வட்டைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா? மரியாதையாகத்தான் கேட்டது. ‘ஆம்’ என்ற பொத்தானின்மேல் நம் விரல் சென்றும்விட்டது. அடுத்த வீட்டில் எஞ்சினீயரிங் படிக்கும் தம்பி அச்சமயம் பால் பாத்திரத்தைத் திருப்பித் தர வந்திருந்தான். ‘மாமா, கையை எடுங்கள்! அதை அமுக்கினால் எல்லாம் போய்விடும்!’ என்று கூவினான்.

பிறகு அவன் விளக்கியது இது. கார்டில் இரு பகுதிகள் உண்டு. முதற் பகுதி சிறியது. கிளம்புவதற்கு வேண்டிய கோப்புகள் மட்டும் அதில் இருக்கும். விண்டோஸ் அதைப் படிக்கும். இரண்டாவது பெரியது, லினக்ஸ் முறையில் எழுதப்பட்டது, நம் பதிவுகள் இருப்பது அதிலேதான். அம்முறை விண்டோஸுக்குத் தெரியாது. தெரியாததை அது காலியென்று கருதிக்கொண்டு ஃபார்மட் செய்யலாமா என்று கேட்கிறது. ஏழு மின்னல் சொன்ன சேதமோ முதற் பகுதியில். என்ஜின் பழுது, பின்னாலுள்ள பெட்டிகளில் சரக்கு இருக்கக் கூடும்.

இங்கே கோர்படி டீசல் ஷெட்டில் என்ஜினைத் தனியே கழற்றிப் பழுது பார்க்கிறார்களே, அதுபோல முதற் பகுதியை மட்டும் சரி செய்தால் ஆகாதா என்று கேட்டோம். ஆகுமாம். ஆனால் மெமரி கார்டு எழுத எழுதத் தேய்வது; ஒருமுறை கெட்டதை மீண்டும் நம்பக்கூடாது என்றான் தம்பி. எனவே பழைய கார்டில் எதையும் எழுதுவதில்லை, புதுக் கார்டில் ஏற்றுவது என்று முடிவாயிற்று. இம்முடிவுக்கு ஆன செலவு ஒரு கார்டின் விலைதான்.

அவனுடைய லினக்ஸ் கம்ப்யூட்டரில், பழைய கார்டைப் படிக்க மட்டும் அனுமதித்து, முதலில் கார்டு முழுவதையும் ஒரே கோப்பாக நகல் எடுத்தான். பிறகு அந்த நகலிலிருந்து பதிவுகளைத் தேடினான். பதினெட்டு முழுமையாகக் கிடைத்தன. ஒன்று பாதியில் நின்றுவிட்டது. அது அந்தப் பாட்டியின் மூன்றாவது பதிவு. கதையில் நரி ஆற்றங்கரைக்கு வருமுன்னரே குரல் அறுந்துவிடுகிறது. மீதி கதை தெரிந்தவர் வீட்டில் எவரும் இல்லை என்று அவர் மகள் சொன்னார்.

புது ஏற்பாட்டை ஏற்றியது சொல்லத்தக்க பெரிய காரியமன்று. ராஸ்பெர்ரி பை இமேஜர் என்ற இலவச நிரல், பலகையின் வகை எது, எந்த ஏற்பாடு, எந்தக் கார்டு என்று வரிசையாகக் கேட்கிறது. மூன்றாவது கேள்வியில் மட்டும் நிதானம் வேண்டும். கம்ப்யூட்டரில் வேறு பென்டிரைவ் செருகியிருந்து அதைக் காட்டிவிட்டால் அதிலிருப்பது அழியும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் முன்கூட்டியே கொடுத்துவிடலாம். முன்பெல்லாம் எல்லாப் பலகைகளுக்கும் ஒரே பெயரும் ஒரே கடவுச்சொல்லும் இருந்தன. 2022-ல் அவ்வழக்கத்தை நிறுத்திவிட்டனர், நல்லதே. எழுதி முடித்தபின் சரியாக எழுதினோமா என்று அந்நிரலே ஒப்பிட்டும் பார்க்கிறது. நம் ஆபீஸில் பேரேட்டை ஒப்பிட இரண்டு பேர் வேண்டும்.

திரை வந்தது, தமிழ் வரவில்லை. பாடங்களெல்லாம் வெறும் கட்டங்களாகத் தெரிந்தன. லோஹித் தமிழ் எழுத்துருவைத் தனியே சேர்த்த பிறகே எழுத்துகள் உருப்பெற்றன. தட்டெழுதுவதற்கு, 1999-ல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 முறையையும் அமைத்தோம். மின்சாரத்துக்கு இதுகாறும் யாரோ கொடுத்த பழைய டெலிபோன் சார்ஜரையே பயன்படுத்தி வந்தோம். இவ்வகைக்கு 5 வோல்ட், 2.5 ஆம்பியர் தரும் சார்ஜர் வேண்டும். திரையின் மூலையில் அவ்வப்போது தோன்றிய மின்னல் சின்னம் மின்சாரம் போதவில்லை என்று முறையிட்டதாம். அலங்காரம் என்று எண்ணியிருந்தோம்!

சென்ற ஞாயிறு வகுப்பில் பாட்டியின் தாலாட்டைப் போட்டோம். அவர் பேத்தி முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டாள், முடிந்ததும் இன்னொருமுறை போடச் சொன்னாள், போட்டோம். அதன்பின் நரிக் கதையை முடித்து எழுதி வருமாறு பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறோம். இதுவரை நான்கு முடிவுகள் வந்துள்ளன. இரண்டில் நரி நீந்துகிறது.

பழைய கார்டு ஓர் உறையில் நம் வீட்டு பீரோவில் இருக்கிறது. பதிவுகளின் நகல் தம்பியிடம் ஒன்றும் சங்கச் செயலாளரிடம் ஒன்றுமாக உள்ளன. தத்தம் வீட்டுப் பெரியோரின் பதிவு வேண்டுவோர் ஞாயிறு காலை பத்து மணிக்குள் வாசகசாலைக்குப் பென்டிரைவுடன் வருக. வட ஆற்காட்டுப் பக்கம் நரியும் ஆற்றங்கரையும் வரும் கதை அறிந்தவர் இருப்பின் அவசியம் வருக.