தேயிலையின் தலையெழுத்து

பொருள் அறியாது ஒரு சொல்லைச் சுமப்பது, உள்ளிருப்பது இன்னதென்று அறியாது ஒரு மூட்டையைச் சுமப்பதற்கு ஒப்பாகும். நீலகிரி மலையில் இவ்விரு சுமைகளும் ஒரே தோளில் ஏறியுள்ளன. குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர்ப் பகுதிகளின் தேயிலைத் தொழிற்சாலைகளிலிருந்து புறப்படும் மூட்டைகளின் மீது இரண்டு, மூன்று ஆங்கில எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். மூட்டையை ஏற்றி இறக்குவோரும், கொழுந்து பறித்த தாய்மாரும், அதனை விளைவித்த சிறு விவசாயியும் அவ்வெழுத்துகளை அறிவர். அவற்றின் பொருளைத் தமிழில் விளக்கிச் சொல்வாரை அவர்கள் காண்பது அரிது. இக்குறையைக் களைவது தமிழ்த் துறைகளின் கடமைகளுள் ஒன்று என்பதே நம் கருத்து.

ஒரே எழுத்து, வேறு வேறு பொருள்

பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., பி.பி., பி.எஃப்., பி.டி. எனத் தேயிலைத் தரங்கள் பல உண்டு. நம் செவிக்கு இவை ஐந்தும் ஒரே எழுத்தில் தொடங்குவனவாகவே தோன்றும். ஆனால் முதல் மூன்றின் தொடக்கம் ஆங்கில நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்து. அது ‘புரோக்கன்’ என்பதன் குறுக்கம். கடைசி இரண்டின் தொடக்கம் அந்நெடுங்கணக்கின் பதினாறாம் எழுத்து. அது ‘பெக்கோ’ என்பதன் குறுக்கம். பி.பி. என்னும் தரத்திலோ முன்னது புரோக்கன், பின்னது பெக்கோ. தமிழில் எழுதும்போது இரண்டும் ஓருருவாகி விடுகின்றன. போதாக்குறைக்கு மருத்துவமனையில் அதே பி.பி. இரத்த அழுத்தமாகவும் நிற்கிறது!

‘எஃப்’ என்னும் எழுத்தை நோக்குவோம். எஃப்.ஓ.பி. என்பதில் அது ‘ஃபிளவரி’, பி.ஓ.பி.எஃப். என்பதில் ‘ஃபேனிங்ஸ்’, எஸ்.எஃப்.டி. என்பதில் ‘ஃபைன்’. ஓரெழுத்து மூன்று இடங்களில் மூன்று பொருள் தருகிறது. இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் சி.டி.சி. முறையிலும் இதே நிலைதான். முதல் ‘சி’ நசுக்குதலைக் குறிக்கும் ‘கிரஷ்’. கடைசி ‘சி’ சுருட்டுதலைக் குறிக்கும் ‘கர்ல்’.

வீரமாமுனிவர் 1732 ஆம் ஆண்டில் சதுரகராதியை அகரவரிசையில் அமைத்துத் தந்தார். அதுவரை செய்யுள் நிகண்டுகளை மனனம் செய்து பொருளறிந்த தமிழுலகம், முதலெழுத்தைக் கொண்டு சொல்லைத் தேடும் எளிய வழியைப் பெற்றது. ஆயினும் முதலெழுத்து நம்மைச் சொல்லின் வாயில் வரைதான் அழைத்துச் செல்லும். உள்ளே சென்று பொருளைக் காண்பது நம் பொறுப்பு.

அகராதியும் தொழிலும்

எழுத்தை விரித்துச் சொல்லாக்கிவிட்டால் போதுமா எனின், போதாது. ‘புரோக்கன்’ என்றால் உடைந்தது என்று அகராதி சொல்லும். கேட்பவர் சேதமுற்றது எனக் கருதுவர். தொழிலிலோ அது முழு இலையினும் சிறிய துண்டு என்று மட்டுமே பொருள்படும். ‘ஆரஞ்சு’ என்றவுடன் பழம் நினைவுக்கு வரும்; அப்பழத்தின் சுவைக்கும் மணத்திற்கும் இத்தரத்தோடு தொடர்பில்லை. ‘ஃபிளவரி’ என்பது மலரிதழ் அன்று. இளந்துளிரின் மொட்டைச் சுட்டுவது. ‘பெக்கோ’ ஆங்கிலச் சொல்லே அன்று. இளமொட்டின் மீது படர்ந்திருக்கும் வெண்ணிறப் பூமயிரைக் குறிக்கும் சீனச் சொல் அது. தேயிலை என்னும் நம் சொல்லிலுள்ள ‘தே’யும் சீனக் கடற்கரையிலிருந்து வந்ததே என்பது இங்கு எண்ணத்தக்கது.

இவற்றுள் பெரும்பழி சுமப்பது ‘டஸ்ட்’ என்னும் சொல். அகராதியில் அது தூசி. ஆதலால் டஸ்ட் தேயிலையைத் தரையில் கூட்டிய குப்பை எனக் கருதுவார் நம்மிடையே உளர். உண்மையில் அது சல்லடையில் பிரித்தெடுக்கப்படும் மிகச் சிறிய துகள். விரைவாகவும் கடுமையாகவும் சாறு இறங்குவதால் தமிழகத்துத் தேநீர்க் கடைகளின் துணி வடிகட்டியில் பெரும்பாலும் இதுவே இடம்பெறுகிறது. நம் மக்கள் இதனைத் தூசி என்று மொழிபெயர்க்கவில்லை, ‘தூள்’ என்றார்கள். பேச்சுவழக்கில் சிறந்ததைப் பாராட்டவும் தூள் என்கிறோம். கற்றோரின் அகராதி தவறவிட்ட பொருளைக் கடைத்தெருத் தமிழ் சரியாகப் பிடித்துக்கொண்டது.

இன்னொன்றும் கூறல் வேண்டும். இவ்வெழுத்துகள் பெரும்பாலும் துகளின் அளவையும் தோற்றத்தையுமே சொல்கின்றன, சுவையை அன்று. ஒரே தோட்டத்தில் ஒரே நாளில் பறித்த கொழுந்து, சல்லடைகளின் வழியே பல தரங்களாகப் பிரிகிறது. சாற்றின் நயத்தை நாவால் சுவைத்தே வல்லுநர் மதிப்பிடுகின்றனர். எழுத்துகளின் எண்ணிக்கை கூடினால் தரமும் கூடும் என்று நம்பி வாங்குவோர், எழுத்திற்கு விலை கொடுக்கின்றனரேயன்றித் தேயிலைக்கு அன்று.

இதனால் எவர்க்கு என்ன?

குன்னூரில் தேயிலை ஏலம் 1963 முதல் நடைபெற்று வருகிறது. இன்று அது மின்னணு முறைக்கு மாறியுள்ளது. அங்கே ஒவ்வொரு தரத்திற்கும் வெவ்வேறு விலை. சிறு விவசாயி தொழிற்சாலைக்குத் தரும் பசுந்தேயிலையின் விலையோ, தேயிலைத் தூளின் விற்பனை விலையை ஒட்டிக் கணக்கிடப்படுகிறது. 2003 ஆம் ஆண்டின் தேயிலைச் சந்தைப்படுத்தல் கட்டுப்பாட்டு ஆணை இதற்கு அடிப்படை. ஆகவே மூட்டையின் மீதுள்ள எழுத்திற்கும் உழவன் வீட்டு உலைக்கும் நேரான தொடர்பு உண்டு. தன் இலை எந்தத் தரமாக மாறியது, அத்தரம் என்ன விலைக்குப் போயிற்று என்று கேட்பதற்கு முதலில் அத்தரத்தின் பெயர் புரிந்திருக்க வேண்டும். புரியாதவன் கேள்வி கேட்பதில்லை. கேளாதவனுக்கு விடை சொல்வாரும் இல்லை.

படகர் ஊர்களின் சிறு விவசாயிகளும், 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி அரசுத் தோட்டங்களில் குடியேறியோரும் இம்மலைத் தேயிலையின் முதுகெலும்பு ஆவர். அவர்தம் பிள்ளைகள் இன்று கல்லூரிகளில் பயில்கின்றனர். தாய் பறித்த கொழுந்தின் பெயரை மகளால் விளக்க இயலாத கல்வியை நிறைவான கல்வி என்று நாம் எவ்வாறு கூறுவது?

உலக வணிகத்திற்கு ஆங்கில எழுத்துகள் இன்றியமையாதன அல்லவா என்று சிலர் வினவலாம். உண்மையே. அவற்றை மாற்ற வேண்டும் என்று நாம் கூறவில்லை. மூட்டையில் அவை இருக்கட்டும். அவற்றின் அருகே பொருளும் இருக்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். எழுத்துகளை அப்படியே தமிழில் ஒலிபெயர்த்தால் குழப்பம் பெருகும் என்பதை ‘பி’ நமக்குக் காட்டிவிட்டது. கருத்தைப் பெயர்க்க நமக்குச் சொற்பஞ்சம் இல்லை. நெல்லை வாழ்வாகக் கொண்ட தமிழர் அரிசியின் அளவு வேறுபாட்டை முழு அரிசி, குருணை, நொய், மாவு என வகுத்து வைத்துள்ளனர். புரோக்கனைக் குருணை எனலாம். புடைத்துப் பிரித்த பழக்கத்தால் பெயர்பெற்ற ஃபேனிங்ஸை நொய் எனலாம். டஸ்டைத் தூள் என்று மக்களே கூறிவிட்டனர்.

ஆயினும் அறையில் அமர்ந்து சொல்லாக்குவது மட்டும் போதாது. மாணவர் தொழிற்சாலைக்குச் செல்ல வேண்டும். கொழுந்தை வாட்டும் இடத்திலும் சல்லடையின் அருகிலும் நின்று தொழிலாளர் வழங்கும் சொற்களைக் கேட்டு எழுத வேண்டும். ஒவ்வோர் எழுத்திற்கும் அதன் விரிவு, தொழிற்பொருள், மக்கள் வழக்கு மூன்றையும் தாங்கிய ஒரு சிறு கையகராதி உருவாக வேண்டும். அதற்கு ஒரு கல்வியாண்டும் பத்து மாணவரும் போதும். அச்சிட்ட படிகள் தொழிற்சாலை வாயிலிலும் ஊர்ப் பொதுமன்றத்திலும் கிடைக்கச் செய்ய ஊர்ப் பெரியோர் துணைநிற்க வேண்டும்.

தலையெழுத்தை மாற்ற இயலாது என்பார்கள். மாற்ற வேண்டாம், படித்துக் காட்டுவோம்.