பேப்பரில காசு இருக்கு, கடையில இல்லை

ஓய்வூதியம் எண்டால் வயசுபோன ஆக்களின்ர கதை என்று நாங்கள் கடந்து போகிறோம். கொஞ்சம் நிண்டு கணக்குப் பார்ப்போம்.

அரச ஊழியருக்கு மாதாமாதம் ஓய்வூதியம் வருகிறது. போதாதுதான், ஆனாலும் அதில் வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு என்று ஒன்று இருக்கிறது. கம்பனியிலும் கார்மென்ட்ஸிலும் தோட்டத்திலும் உழைத்தவருக்கு இருப்பது ஊழியர் சேமலாப நிதி. தொழிலாளியின் 8 வீதம், முதலாளியின் 12 வீதம். பெண்கள் 50 வயதில், ஆண்கள் 55 வயதில் மொத்தமாக எடுக்கலாம். அதோட சரி. பிறகு விலை ஏறினால் அவரவர் பாடு.

எடுக்க முதலே காசு கரைகிறது. 2022க்கு அந்த நிதி கொடுத்த வட்டி 9 வீதம். அந்த டிசம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 57.2 வீதம். 10 இலட்சம் வைத்திருந்தவருக்கு 10 இலட்சத்து 90 ஆயிரம் ஆனது. முந்தின வருசம் 10 இலட்சத்துக்கு வாங்கின சாமானுக்கோ 15 இலட்சத்து 70 ஆயிரம் வேணும். ஒருத்தரும் களவெடுக்கேல்லை. அதனால ஒருத்தரும் பிடிபடவும் இல்லை.

2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தது. வங்கிகளின் ரூபாய்த் திறைசேரி முறிகளைத் தொடவில்லை. ஓய்வூதிய நிதிகளுக்கு மட்டும் ஒரு "தெரிவு": 2025 வரை 12 வீதமும் பிறகு 9 வீதமும் தரும் புதிய முறிகளுக்கு மாறு, இல்லையெண்டால் 14 வீத வரி 30 ஆகும். காசுக்குச் சொந்தக்காரரான தொழிலாளியிடம் யார் கேட்டது?

இப்ப பணவீக்கம் குறைஞ்சிட்டுது எண்டு சொல்லினம். குறைந்தது விலை ஏறுகிற வேகம். ஏறின விலை ஏறினபடிதான் கிடக்கு.

2011இல் தனியார்துறை ஓய்வூதியச் சட்டமூலத்தை எதிர்த்து கட்டுநாயக்கத் தொழிலாளர்கள் எழும்பினார்கள். பொலிஸ் சுட்டதில் ரொஷேன் சானக என்ற இளம் தொழிலாளி செத்துப்போனார். அரசாங்கம் சட்டமூலத்தைக் கைவிட்டது. வயசுபோன காலத்துக் காசுக்காக அண்டைக்கு வீதிக்கு வந்தவர்களில் கனபேர் எங்கட வயசுக்காரர்.

நாங்கள் கேட்பது இதுதான். சேமலாப நிதியின் வட்டி விலைவாசிக்குக் கீழே போகக்கூடாது என்று சட்டம் வேண்டும். விரும்பினவர்கள் மொத்தமாக எடுக்காமல், விலையோடு சேர்ந்து ஏறும் மாதக் கொடுப்பனவாகப் பெற வழி வேண்டும். நிதியைக் கையாளும் மத்திய வங்கி முடிவெடுக்கும் இடத்தில் தொழிலாளர் தெரிவுசெய்த ஆட்கள் இருக்கவேண்டும்.

பட்டம் முடிச்சு நாங்கள் ஒரு கம்பனிக்குப் போனால், முதல் சம்பளத்திலேயே அந்த 8 வீதத்தை வெட்டுவினம். அப்ப இது எங்கட கதைதான்.