காற்று அசைந்தால்தான் கிட்டாரா?

டியூப் ஆம்ப்பை முழு ஒலியில் திறந்துவிட வேண்டும், ஸ்பீக்கருக்கு முன்னால் மைக் வைத்துப் பிடிக்க வேண்டும், அப்போதுதான் அது உண்மையான கிட்டார்ப் பதிவு. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, அதற்குப் பதிலாக ஆம்ப்பின் சக்தியைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்ளும் லோட் பாக்ஸில் இணைத்து, ஸ்பீக்கரின் குணத்தைக் கணினியில் சேர்த்துக்கொள்வது போலி வேலை. மின்கிட்டார் கற்கும் எவருக்கும் இந்த நம்பிக்கை முதல் பாடத்தோடு ஊட்டப்பட்டுவிடுகிறது. கற்றுக்கொடுப்பவர் சொல்கிறார், கடைக்காரர் சொல்கிறார், ஸ்டுடியோவில் கன்சோலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரும் சொல்கிறார். “காத்து அசையணும் தம்பி” என்பார்கள். மும்பையின் சீத்தா கேம்ப்பில் இருந்துகொண்டு இதைக் கேட்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. மின்னியல் கணக்கில் இது தவறு. அதைவிட மோசம், பெரிய அறை இல்லாதவர்களிடம் உங்கள் இசை அரைகுறைதான் என்று இது சொல்லிவிடுகிறது, அவர்களும் நம்பிவிடுகிறார்கள்.

எங்கள் பகுதி உருவான கதையைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. நெருக்கடி நிலைக் காலம், 1976 மே மாதம். பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்கு நிலம் வேண்டும் என்று ஜனதா காலனி இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 70,000 பேர் டிராம்பே ஓரத்துச் சதுப்பு நிலத்துக்குக் கொண்டுவந்து விடப்பட்டார்கள். கோலார் தங்கவயலில் பிறந்த ஜோக்கின் அற்புதம், பின்னாளில் மகசேசே விருது பெற்றவர், அந்த வெளியேற்றத்தை எதிர்த்துப் போராடியே குடிசைவாசிகளின் தலைவரானார். வந்தவர்களுக்குக் கிடைத்த மனை பத்தடிக்குப் பதினைந்தடி. இன்றைக்கு மாடிக்கு மேல் மாடி ஏறியிருக்கிறது, அகலம் ஏறவில்லை. ஒரு வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். அதற்கு அந்தப் பக்கம் இரவு வேலை முடித்து வந்தவர் பகலில் தூங்குகிறார், பத்தாம் வகுப்புப் பிள்ளை படிக்கிறது, கைக்குழந்தை தொட்டிலில் கிடக்கிறது. தமிழ் முஸ்லிம்களும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் தோளோடு தோள் உரசி வாழும் சந்துகள் இவை. இங்கே பாட்டுக்குப் பஞ்சமில்லை, கிட்டார் வாசிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அலறவிட இடம்தான் இல்லை.

எவ்வளவு அலறும் என்று பார்ப்போம். செலஷன் நிறுவனத்தின் விண்டேஜ் 30, கிட்டார் உலகம் நன்கு அறிந்த ஸ்பீக்கர். ஒரே ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 100 டெசிபல் ஒலிக்கும். அதே நிறுவனத்தின் பழைய கிரீன்பேக் 98 டெசிபல். இரண்டும் 12 அங்குல ஸ்பீக்கர்கள். 10 வாட்டுக்கு 110 டெசிபல், 50 வாட்டுக்கு ஏறக்குறைய 117. இந்திய ஒலி மாசு விதிகள் 2000-ஆம் ஆண்டு வந்தன. குடியிருப்புப் பகுதிக்கு அவை அனுமதிப்பது பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45. பூசிய செங்கல் சுவர் நாற்பது டெசிபல் அளவுக்குத் தடுக்கும் என்றே வைத்துக்கொண்டாலும், கதவும் ஜன்னலும் தகரக் கூரையும் அதில் பாதியைக்கூடத் தடுப்பதில்லை.

“அப்படியானால் சின்ன ஆம்ப் வாங்கு” என்று உடனே ஒரு யோசனை வரும். நல்லெண்ணத்தில் சொல்வதுதான், ஆனால் கணக்குத் தெரியாமல் சொல்வது. 50 வாட்டை 5 வாட்டாகக் குறைத்தால் குறைவது 10 டெசிபல். காதுக்கு அது பாதிச் சத்தமாகப் படும், அவ்வளவே. ஒரு வாட் ஆம்ப் வாங்கினாலும் அறைக்குள் 100 டெசிபல். பக்கத்து வீட்டுக் குழந்தை விழித்துக்கொள்ள அதில் நூறில் ஒரு பங்கு சக்தியே போதும்.

இரண்டாவது யோசனை, ஒலியைக் குறைத்து வைத்து மைக்கில் பிடி என்பது. டியூப் ஆம்ப்பின் சுவையில் பெரும்பகுதி கடைசிக் கட்டத்து வால்வுகளும் (டியூப் என்பதும் இவற்றைத்தான்) வெளியீட்டு ட்ரான்ஸ்ஃபார்மரும் மூச்சுமுட்ட வேலை செய்யும்போது பிறக்கிறது. விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி நசுங்குவதும் விரிவதும் அங்கேதான். குமிழை ஒன்றில் வைத்தால் அந்தக் கட்டம் தூங்குகிறது. மைக்கில் விழுவது முன்கட்டத்து இரைச்சலும், ஸ்பீக்கரின் சோம்பலும், எதிர்வீட்டுக் குக்கர் விசிலும்தான். இதைச் சுத்தமான பதிவு என்கிறவர்கள், லோட் பாக்ஸில் முழு வேகத்தில் ஓடும் அதே ஆம்ப்பைப் போலி என்கிறார்கள். எது ஆம்ப்பின் உண்மையான குரல்? சின்ன அறையில் இருப்பவருக்கு அந்தக் கடைசிக் கட்டத்தை வேலை செய்யவைக்கும் வழி லோட் பாக்ஸ்தான்.

சத்தம் போட உரிமை வாங்கிய இடங்களுக்கே இந்த நகரத்தில் என்ன ஆயிற்று என்பதும் தெரிந்ததுதான். தோபி தலாவில் இருந்த ரங் பவன் திறந்தவெளி அரங்கில் பம்பாய் ராக் வளர்ந்தது. 1986-இல் தொடங்கிய இண்டிபெண்டன்ஸ் ராக் விழா பல ஆண்டுகள் அங்கேதான் நடந்தது. மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி என்று விதி வந்தது. அதற்குள் விழுந்ததால் 2000-களின் தொடக்கத்தில் ரங் பவனின் வாய் அடைபட்டது. விதி தவறு என்று நான் சொல்லவில்லை. நோயாளிக்குத் தூக்கம் வேண்டும். என் பக்கத்து வீட்டாருக்கும் வேண்டும்.

இனி லோட் பாக்ஸின் உள்ளே போவோம். எதிர்ப்பாளர்கள் சொல்வதில் ஒரு துளி அனுபவ உண்மை இருக்கிறது, அது எங்கிருந்து வந்தது என்று அவர்கள் தேடிப் பார்ப்பதில்லை. “லோட் பாக்ஸில் போட்டால் ஒலி செத்துப்போகிறது” என்கிறார்கள். பழைய, மலிவான பெட்டிகளில் அப்படித்தான் ஆகும். அவற்றுக்குள் இருப்பது ஒரு பெரிய ரெசிஸ்டர் மட்டும். எட்டு ஓம் ரெசிஸ்டர் எந்தச் சுருதிக்கும் எட்டு ஓம்தான். ஸ்பீக்கர் அப்படியல்ல. எட்டு ஓம் என்று முதுகில் எழுதியிருந்தாலும் அது பெயருக்கு எழுதிய எண். காகிதக் கூம்பு தானாக அதிர விரும்பும் ஓர் அதிர்வெண் உண்டு. கிட்டார்க் கேபினட்டில் அது பெரும்பாலும் 70 முதல் 120 ஹெர்ட்ஸுக்குள் விழும். அந்த இடத்தில் ஸ்பீக்கரின் மின்மறுப்பு பல மடங்கு ஏறுகிறது. நடுப்பகுதியில் எட்டை ஒட்டி இறங்கி, மேலே போகப் போகக் காயிலின் தூண்டத்தால் மறுபடி ஏறுகிறது.

டியூப் ஆம்ப்புக்கு இந்த ஏற்ற இறக்கம் உயிர். ட்ரான்சிஸ்டர் ஆம்ப் எதிரே என்ன இருந்தாலும் ஏறக்குறைய ஒரே மின்னழுத்தத்தைத் தரும். வால்வு ஆம்ப்பின் வெளியீட்டு மின்மறுப்பு அதிகம். ஆகவே ஸ்பீக்கரின் மின்மறுப்பு ஏறும் இடத்தில் அதன் மின்னழுத்தமும் ஏறும். கிட்டாரின் தடித்த கீழ்க்கம்பியின் சுருதி 82 ஹெர்ட்ஸ். ஸ்பீக்கர் எதிர்த்து நிற்கும் வட்டாரம் அதேதான். நெஞ்சில் தட்டும் அந்த அதிர்வும், மேல் ஸ்தாயியின் பளபளப்பும் ஆம்ப்பும் ஸ்பீக்கரும் மல்லுக்கட்டுவதில் பிறப்பவை. வெறும் ரெசிஸ்டர் வைத்தால் மல்லுக்கட்ட ஆளில்லை, ஒலி தட்டையாகிறது. இப்போதைய பெட்டிகள் பலவற்றில் ரெசிஸ்டரோடு காயிலும் கெபாசிட்டரும் சேர்ந்து அந்த ஏற்ற இறக்கத்தை அப்படியே தருகின்றன. அவற்றை ரியாக்டிவ் லோட் என்பார்கள். சூர், டூ நோட்ஸ், யுனிவர்சல் ஆடியோ, பாஸ் எனப் பல நிறுவனங்கள் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கொண்டுவந்தவை இந்த வகை. ஸ்பீக்கரோடு சண்டை போடும் அதே உணர்வு ஆம்ப்புக்குக் கிடைக்கிறது. தன் எதிரே காகிதக் கூம்பு இருக்கிறதா, செம்புக் காயில் இருக்கிறதா என்று வால்வுக்குத் தெரியாது. மோசமான ஒரு பெட்டியைக் கேட்டுவிட்டு முறையையே பழிப்பது நியாயமில்லை.

அடுத்தது மைக். ‘மைக்கில் பிடித்தால் உண்மை’ என்பதைத்தான் நான் முற்றாக மறுக்கிறேன். கோயில் பிராகாரத்தில் நின்று நாதஸ்வரம் கேட்பதும், அணைசு வாயிலிருந்து இரண்டு விரல்கடையில் மைக் வைத்துக் கேட்பதும் ஒன்றா? கிட்டார்ப் பதிவில் காலங்காலமாகச் செய்வது இரண்டாவதுதான். 1965-இல் வந்த ஷூர் எஸ்எம்57-ஐக் கூம்பின் ஓரிடத்தில் ஒட்டினாற்போல் வைக்கிறார்கள். அந்த மைக் அடிநாதத்தைக் குறைக்கும், ஐயாயிரம் ஹெர்ட்ஸை அடுத்துத் தூக்கிக் காட்டும். ஒரு விரல்கடை நகர்த்தினால் வேறு குரல். அறையில் நிற்பவன் காதில் விழும் ஒலி எந்தப் புகழ்பெற்ற இசைத்தட்டிலும் இல்லை. இருப்பது ஒரு ஸ்பீக்கர், ஒரு மைக், ஓர் இடம் சேர்ந்து வடிகட்டிய ஒலி. அந்த வடிகட்டலை அளந்து கோப்பாக்கியதுதான் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ். ஐந்தில் ஒரு நொடி நீளமுள்ள கோப்பு முப்பது கிலோபைட்கூட வராது. அதை ஆம்ப்பின் ஒலியோடு கணினி பெருக்கிச் சேர்க்கிறது. அந்தக் கேபினட்டும் மைக்கும் ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் என்ன செய்தனவோ அதையே இதுவும் செய்கிறது. இதில் பொய் எங்கே நுழைகிறது என்று யாராவது காட்டட்டும்.

மேலும், மின்கிட்டாரின் வரலாறு இவர்கள் சொல்வதுபோல் ஸ்பீக்கருக்கு முன்னால் மண்டியிட்ட வரலாறு அல்ல. 1968-இல் பீட்டில்ஸ் ‘ரெவல்யூஷன்’ பாட்டின் கரகரக் கிட்டாரை ஆம்ப்பே இல்லாமல் நேரே கன்சோலில் செருகி, கன்சோலையே திணறவைத்துப் பதிவு செய்தார்கள். டாம் ஷோல்ஸ் என்ற பொறியாளர் பாஸ்டன் இசைக்குழுவின் முதல் ஆல்பத்தின் பெரும்பகுதியைத் தன் வீட்டு நிலவறையில் உருவாக்கினார். அது வெளிவந்தது, எங்கள் மக்கள் இங்கே கொட்டப்பட்ட அதே 1976-இல். ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே வைத்துச் சத்தத்தை விழுங்கும் ‘பவர் சோக்’ பெட்டியைப் பிற்பாடு விற்பனைக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். எடி வான் ஹேலன் எண்பதுகளில் மார்ஷல் ஆம்ப்பின் வெளியீட்டை டம்மி லோடில் இறக்கி, அங்கிருந்து வேறு ஆம்ப்புகளுக்கு அனுப்பினார். இவர்களின் ஒலியைத் தெய்வமாகக் கும்பிடுகிறவர்களே எங்கள் பிள்ளைகளிடம் போலி என்கிறார்கள்.

ஒப்புக்கொள்ள வேண்டியவையும் உண்டு. ஸ்பீக்கரைத் தாங்கும் எல்லைவரை விரட்டினால் கூம்பே நசுங்கி உடைந்து ஒலிக்கும். 25 வாட் கிரீன்பேக்கின் புகழ் அதில்தான் இருக்கிறது. சாதாரண இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் அதைப் பிடிக்காது. கிட்டார்க் கம்பி ஸ்பீக்கரின் காற்றால் அதிர்ந்து முடிவில்லாமல் நீளும் நாதமும் வீட்டுக்குள் ஹெட்போனில் வராது. அந்த நாதம் இல்லாமல் நிற்காத பாட்டு என்றால் மண்டபம் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு ஆல்பத்தில் எத்தனை இடங்களில் அது வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். மற்ற இடங்களுக்கெல்லாம் இதைக் காரணம் காட்டுவது ஏமாற்று.

பிள்ளைகளுக்கு இந்தப் பழங்கதை சொல்வதைவிட்டு, உயிரையும் கருவியையும் காக்கும் விஷயங்களைச் சொல்லிக்கொடுங்கள். ஸ்பீக்கரும் இல்லாமல் லோடும் இல்லாமல் டியூப் ஆம்ப்பை வாசிக்கவே கூடாது. போக வழியில்லாத சக்தி ட்ரான்ஸ்ஃபார்மரின் முதற்சுருளில் உயர் அழுத்தமாகத் திரும்பி, காப்பைப் பொசுக்கிவிடும். ஸ்பீக்கர் வெளியீட்டை நேரே கணினியின் ஆடியோ பெட்டியில் செருகினால் இரண்டுமே போகும். ஆம்ப்பின் ஓமும் லோட் பாக்ஸின் ஓமும் பொருந்த வேண்டும். 50 வாட் ஆம்ப் முழுக் கரகரப்பில் அதைவிட வெகுவாக அதிகம் கக்கும். ஆகவே 100 வாட் தாங்கும் பெட்டி வேண்டும். அவ்வளவும் வெப்பமாகத்தான் வெளியேறுகிறது, மும்பையின் மே மாதப் புழுக்கத்தில் பெட்டியைத் தலையணைக்கடியில் வைத்துவிடாதீர்கள். லாமிங்டன் ரோட்டில் பொறுக்கிய பாகங்களில் தாமே செய்கிறவர்கள் இருக்கிறார்கள். செய்யுங்கள், ஆனால் மின்னணுவியல் தெரிந்த ஒருவர் ரெசிஸ்டரின் வாட்டையும் காயிலின் கம்பித் தடிமனையும் பார்த்துச் சொன்ன பிறகு ஆம்ப்பை இணையுங்கள்.

ஸ்டுடியோக்காரர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. ஒரு மணி நேரம் மட்டும் அறையை வாடகைக்குக் கொடுங்கள். பையன் தன் கேபினட்டைக் கொண்டுவரட்டும், அல்லது உங்களிடம் உள்ளதையே பயன்படுத்தட்டும். நல்ல மைக் ஒன்றை வையுங்கள். இத்தாலியின் பார்மா பல்கலைக்கழகத்து ஆஞ்செலோ ஃபரினா 2000-இல் விளக்கிய முறைதான்: அடியிலிருந்து உச்சிவரை ஏறும் ஒற்றைச் சுருதியை, தன் நிறத்தைச் சேர்க்காத ட்ரான்சிஸ்டர் ஆம்ப் வழியாக அந்த ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டுப் பதிவு செய்தால், அதிலிருந்து இம்பல்ஸ் ரெஸ்பான்ஸைப் பிரித்தெடுத்துவிடலாம். மைக்கை நகர்த்தி நகர்த்திப் பத்து இடங்களில் எடுத்துக் கொடுங்கள். பிறகு அதே மைக், அதே இடம் வைத்து அவன் ஆம்ப்பில் ஒரு வரி வாசிக்கட்டும். அதே வரியை லோட் பாக்ஸ் வழியாகவும் எடுத்து, இரண்டின் ஒலி அளவையும் சமமாக்கி, எது எது என்று சொல்லாமல் உங்கள் நண்பர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். சரியாகப் பிரித்துச் சொல்ல முடியாதவர்கள் அதற்குப் பிறகு போலி என்று பேச வேண்டாம். அவன் அந்தக் கோப்புகளோடு வீட்டுக்குப் போய், ராத்திரி பதினொரு மணிக்கு ஆம்ப்பைப் பத்தில் வைத்துப் பாட்டை முடித்துக்கொள்வான்.